முட்டையும் கடலையும் ஆகாது

அன்றைக்கு அந்த வார்டு மூலையில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் என் தம்பி. தலைமாட்டில் அவன் பெண்டாட்டி. கால்மாட்டில் அவளுடைய அம்மா, எங்களுக்கு அத்தை. பக்கத்துக் கட்டிலில் கை வெந்து கட்டுப்போட்டிருந்த கொட்டாம்பட்டிக்காரர். கட்டு மாற்ற வந்த சின்ன வயசு டாக்டர். சுவரோரமாக நான்.

தம்பிக்குக் கப்பலூரில் பாய்லர் வேலை. ஆவிக்குழாய் விட்டுப்போய் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வெந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுவந்து மூன்றாவது வாரம் நடக்கிறது, புண் ஆறவில்லை. ஓரமெல்லாம் சீழ். சாயங்காலமானால் காய்ச்சல். நான் ஒன்றுமில்லாததற்கே பயப்படுகிறவள். அவன் முனகினால் பயம், முனகாமல் கிடந்தால் அதைவிடப் பயம். "நீ பயந்து பயந்தே என்னைய அனுப்பி வச்சிருவக்கா" என்பான்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"ரசஞ்சோறு, கஞ்சி. வேற எதையும் கண்ணுல காட்டுறதில்ல தம்பி." அத்தை பெருமையாகத்தான் சொன்னாள்.

"காலையில ஆஸ்பத்திரி முட்டை தர்றாங்கள்ல?"

கொட்டாம்பட்டிக்காரர்தான் மெதுவாக, "அத நான் சாப்பிட்டுர்றேன் சார். அந்தம்மா குடுத்துருவாங்க" என்றார்.

முட்டை, மீன், கடலை, பருப்பு எல்லாம் கரப்பான் பண்டம், புண்ணைச் சீப்பிடிக்க வைக்கும் என்பது எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மாமா காலில் கடப்பாரை குத்திய புண்ணை அத்தை அப்படிப் பத்தியம் காத்துத்தான் ஆற்றினாள். முதல் வாரம் தம்பிக்கு நல்ல பசி. "அந்த முட்டையக் குடுத்தாத்தான் என்ன" என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். நாங்கள் ரசத்தை ஊற்றினோம்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கும்மா. கிருமியோட மல்லுக்கட்டுறது அதுதான். ஒண்ணு பத்தாப் பெருகினாத்தான் அதால சமாளிக்க முடியும். பெருகுறதுக்கு அர்ஜினைன்னு ஒரு சத்து வேணும். புதுச் சதை வளரவும் வேணும். சாதாரணமா உடம்பே கொஞ்சம் தயார் பண்ணிக்கும். இவ்வளவு வெந்தவருக்கு அது பத்தாது. முட்டையில இருக்கு, மீன்ல இருக்கு, நிலக்கடலையில நிறையவே இருக்கு."

"அப்ப அதக் குடுத்தா ஆறிருமா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். இதெல்லாம் இப்பத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. ஆனா வெறும் ரசத்துல ஆறாது."

நான் எட்டாவதோடு நின்றவள். அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் பட்டினி போட்டுச் சண்டைக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது மட்டும் விளங்கிவிட்டது.

டாக்டர் நகர்ந்ததும் அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, படிச்ச புள்ள சொல்லிட்டுப் போயிரும். சீப்பிடிச்சா அதுவா வந்து தொடைக்கும்?"

"இப்ப மட்டும் பிடிக்காமயா இருக்கு?" என்றாள் தம்பி பெண்டாட்டி. தன் அம்மாவை அவள் எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். "நீங்க வாங்கிட்டு வாங்க மதினி."

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் கடலை வறுக்கிற அண்ணன் ஒருவர் நிற்பார். என்னிடம் திருமங்கலத்து வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. "எடுத்துட்டுப் போ தாயி, பெறகு குடு" என்று அளந்து கொட்டினார். தோலை ஊதிவிட்டு, வெல்லம் சேர்த்து இடித்து, பாலில் கரைத்துக் கொண்டுபோனேன். இரண்டு கரண்டிதான் இறங்கியது.

"கடலையாக்கா இது? மண்ணு மாதிரி இருக்கு."

காய்ச்சலில் அவன் வாயெல்லாம் புண். முட்டை வாடைக்கே குமட்டியது. நான் விடாமல் தினமும் கடனுக்கு வாங்கி இடித்தேன். அவன் ஒரு கரண்டிக்கு வந்து, பிறகு உதட்டை நனைப்பதோடு நின்றுபோனான். அத்தை காலையில் வருகிற முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

கொட்டாம்பட்டிக்காரருக்குக் கை ஆறிவிட்டது. போகிற அன்று தம்பி கட்டிலண்டை வந்து நின்றார். "மாப்ள, ஒம் முட்டையத் தின்னுட்டு நான் வீட்டுக்குப் போறேன். நீயும் சட்டுனு வந்து சேரு." சிரிக்கத்தான் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. அவருக்கு வெந்தது கை மட்டும்தான், எதைத் தின்றாலும் ஆறியிருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லா முட்டையையும் தின்றிருந்தாலும் தம்பி போயிருப்பானோ என்னவோ. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த வாரம் ஒரு விடிகாலையில் போய்விட்டான். அவனை ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டும்போது கடலைவண்டி இன்னும் வந்திருக்கவில்லை. காரியம் முடிந்து, முந்தானையில் காசை முடிந்துகொண்டு போனேன். அந்த இடத்தில் இளநீர்க்காரர் ஒருவர் நின்றிருந்தார். கடலைக்காரர் எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறமும் மதுரை போகும்போதெல்லாம் அந்த வாசலில் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அவருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது ஏழு ரூபாய் ஐம்பது காசு.