அக்கா தண்ணீர் ஊற்றிய கொக்குப்பூ

வட்டக்கானல் போகும் சாலையில், ஒரு சரிவில் இருந்தது நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. மேலே வீட்டுக்கார அக்கா, கீழே நாங்கள். என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டினார். ஒருநாள் ஏதோ ஒரு பங்களா வாசலில் வெட்டிப் போட்டிருந்த செடித்தூர் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாழையைப் போல இலை, நீண்ட காம்பு. ஆரஞ்சும் நீலமுமாக, கொக்கு தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பூக்கும் என்றார். நர்சரிக்காரர்கள் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொல்வார்கள். எங்களுக்கு அது கொக்குப்பூ.

வெயில் விழும் சுவரோரம் நட்டார். அதோடு சரி. அவர் வேனோடு போய்விடுவார், நான் சாக்லேட் கடை வேலைக்குப் போய்விடுவேன். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியது அக்காதான். உறைபனி விழும் மாதங்களில் பழைய சாக்கைப் போர்த்தியதும் அவர்தான். என் மகள் பிறந்தபோது குளிப்பாட்டியதும் அதே கைகள்தான்.

செடி புதராகப் பெருத்தது. பூ மட்டும் வரவில்லை. “இந்த வருசம் பூத்துரும் பாரு” என்று கணவர் ஒவ்வொரு வருடமும் சொன்னார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, கீழ்வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறோம், காலி பண்ணிக் கொடுங்கள் என்றார். அக்கா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. சங்கடப்பட்டிருப்பார். என் கணவருக்கு அது தைத்துவிட்டது.

சாமான் ஏற்றும் அன்று அவர் கடப்பாரையோடு சுவரோரம் போனார். அக்கா படியிறங்கி வந்தார்.

“தம்பி, அது கெடக்கட்டும். வேரு ஆழத்துல ஓடியிருக்கும். இப்பப் பேத்தா தாங்காது.”

“நான் கொண்டாந்த செடிக்கா.”

“தண்ணி ஊத்துனது யாரு?”

“அதுக்கு? நாளைக்கு வர்றவங்க போட்டோ எடுக்கட்டும்னு விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

அக்கா ஒதுங்கி நின்றார். கடப்பாரை இறங்கியது. சதைப்பற்றான வெள்ளை வேர்கள் முறிந்து முறிந்து வந்தன. ஒரே கட்டியாகத் தூக்க முடியாமல் தூரை இரண்டாகப் பிளந்தார். அப்போது நடுவிலிருந்து ஒரு தண்டு ஒடிந்து விழுந்தது. இலைக்காம்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் நுனி தடித்து, ஓரம் சிவந்து, கூராக இருந்தது. கணவர் நகத்தால் கீறினார். உள்ளே ஆரஞ்சு நிறம்.

அக்கா குனிந்து பார்த்தார்.

“பூவுல்ல வந்திருக்கு, தம்பி” என்றார். கோபமே இல்லாத குரல். பிறகு படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது வெளியே வரவில்லை. மகள் மேலே பார்த்துக் கையாட்டியபடியே இருந்தாள்.

பெருமாள்மலையில் புது வீடு. ஒடிந்த மொட்டைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தோம். விரியாமலே கறுத்தது. பிளந்த தூரில் ஒரு பாதி அழுகிவிட்டது. மறு பாதி இலை விடுகிறது, அவ்வளவுதான். வேரில் அடிபட்டால் இது மறுபடி பூக்க வருடங்கள் ஆகும் என்று நர்சரிக்காரர் சொன்னார். இப்போது தண்ணீர் ஊற்றுவது என் கணவர். ஒருநாள் காலை வாளியை வைத்துவிட்டு, “விட்டுட்டே வந்திருக்கலாம்ல?” என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன மாதம் மகளோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனபோது அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என் மகளின் கன்னத்தைத் தடவி, “எத்தனாவது படிக்கிறா?” என்றார். பீன்ஸ் விலை பேசினோம். செடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேனில் ஏறியதும் கணவரிடம் சொன்னேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டே அவர் கேட்டார்.

“நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“சீசன் முடியட்டும். ஒருநா போய்ப் பாத்துட்டு வருவோம்.”

சீசன் முடிந்துவிட்டது. நாங்கள் இன்னும் போகவில்லை.