என் வண்டி அவன் கையில்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த தோள் இது. எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. என்ஜினைப் பிரித்துப் பிரித்து நானாகவே கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிந்த சமயத்தில், கார்பரேட்டரைத் தொட என்னை விட்டால் தூத்துக்குடியில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

ஆனால் திரேஸ்புரத்தில் ஒருத்தன் இருந்தான். சங்கு குளிக்கிறவர்களுக்கு வள்ளத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்று வந்து பட்டறை போட்டவன். அவன் பேச்சை யாராவது எடுத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பட்டாளம் கழித்துவிட்ட சின்ன மோட்டார் சைக்கிள் எங்கள் இருவரிடமும் ஆளுக்கொன்று இருந்தது. இருவருமே அதில் பெரிய வண்டியின் கார்பரேட்டரை மாட்டினோம். அதைக் கேள்விப்பட்ட ஒரு பஸ் முதலாளி, உப்பளத்து ரோட்டில் எங்கள் இருவருக்கும் நேர் ஓட்டப் பந்தயம் வைத்தார். "எவன் வண்டி நல்ல வண்டியோ, அவன் பட்டறைக்குத்தான் என் பஸ்ஸெல்லாம் வரும்" என்றார்.

சின்ன என்ஜினுக்குப் பெரிய கார்பரேட்டர் லேசில் ஒத்துப்போகாது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் காற்று குபீரென்று உள்ளே போகும், பெட்ரோல் பின்தங்கும், என்ஜின் விக்கும். பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டேன், கரும்புகை தள்ளியது. பெட்ரோலைக் குறைக்க ஊசியை இறக்கினேன். கரி பிடித்த பிளக் ஒருவழியாகக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது. ஓட ஆரம்பித்துவிட்டால் என் வண்டியைப் பிடிக்க முடியாது. கிளம்பும்போது வருகிற அந்த ஒரு விக்கல் மட்டும் போகவே இல்லை.

அவன் வண்டி விக்காது. என் பட்டறை வாசலில் வேண்டுமென்றே நிறுத்தி, கிளப்பிக்கொண்டு போவான். உள்ளே என்னதான் வைத்திருக்கிறானோ என்று எனக்கு வயிறு எரியும்.

பந்தயத்தன்று கைக்குட்டை விழுந்தது. நான் திருகினேன், வண்டி விக்கியது, அவன் போயே போய்விட்டான். துரத்தித் துரத்தி, ஒரு சக்கர தூரத்தில் தோற்றேன்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு விக்கலா? ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?"

அவன் கேட்டதும் கூட்டம் சிரித்தது.

"கார்பரேட்டருக்குள்ள என்னல வச்சிருக்க? கழத்திக் காட்டு."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க வண்டியத் தாங்க, காட்டுதேன்."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க முடியவில்லை.

அவன் ஏறி, அதே தூரத்துக்குக் கிளம்பினான். என்னைப் போல வெடுக்கென்று திருகவில்லை. கடலடியில் இருக்கிறவனுக்குக் கயிறு விடுகிற மாதிரி, என்ஜின் கேட்கக் கேட்க விட்டுக் கொடுத்தான். விக்கலே இல்லை. நான் பிரித்துப் பூட்டிய என்ஜின், எனக்கு ஒருநாளும் காட்டாத குரலை அவனுக்குக் காட்டிக்கொண்டு ஓடியது.

திரும்பி வந்தவன் வாய் நிற்கவில்லை. "அண்ணாச்சி, தங்கம்லா இது! என் வண்டியெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது."

இரண்டு ஓட்டத்துக்கும் கடிகாரம் பிடித்திருந்த முதலாளி தலையாட்டினார். "ஆமால. ஒன் வண்டிய விட இது சீக்கிரம் போயிருக்கு. நான் சொன்னது நல்ல வண்டின்னுதானே? பஸ்ஸு இவருக்குத்தான்."

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் கூட்டம் தோளில் தூக்கியது அவனைத்தான்.

அந்த பஸ்களை வைத்துத்தான் இன்று எனக்கிருக்கும் இத்தனையும் வந்தது. ஆனால் அன்று எனக்குச் சந்தோஷமே இல்லை. வீட்டுக்குப் போனதும் பெரிய கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த சின்னதையே திரும்ப மாட்டினேன். சின்னது யார் கைக்கும் ஒரே மாதிரிதான் ஓடும். அவன் இன்னொரு தடவை அதில் ஏறி அப்படிக் கிளம்புவதை என்னால் பார்க்க முடியாது.