நரி வீட்டுச் செத்தவீடு

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு நரியோடு எல்லைத் தகராறு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு எல்லைத் தகராறு வருவது புதினமில்லை. வேலி அரை அடி நகர்ந்ததற்காகப் வழக்குப் போட்டுப் பதினைந்து வருடம் கோட்டுப்படி ஏறி இறங்கிய இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். என் வழக்கில் ஒரே ஒரு வித்தியாசம், காணி இணையத்தில் இருந்தது.

புலமைப் பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்காக அப்பா எனக்கு ஒரு கணினி வாங்கித் தந்திருந்தார். படிக்கத்தான் வாங்கினார். நான் அதில் ஒரு தீவைக் கண்டுபிடித்தேன். பெயரைப் பதிந்தால் அந்தத் தீவில் ஆளுக்கொரு துண்டு நிலம் தருவார்கள். வீடு கட்டலாம், மரம் நடலாம், ஒரு பொம்மை உருவம் எடுத்து நடந்து திரியலாம், எதிரில் வருகிறவர்களோடு எழுத்தில் கதைக்கலாம். எந்தெந்த நாட்டுக்காரரோ எல்லாம் அங்கே உலாவினார்கள். நான் மஞ்சள் சட்டை போட்ட சிறுமியாக இருந்தேன். பக்கத்து வளவில் குளிர்கோட்டுப் போட்ட ஒரு நரி இருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டுப்பெட்டி உண்டு. அதில் என்ன போடுகிறோமோ அது எங்கள் வளவில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். பக்கத்து வளவிலும் பாதித் தூரத்துக்குக் கேட்கும். நான் அப்பாவின் நாதஸ்வரத்தைப் போட்டேன். அப்பாவின் என்றால் அவர் வாசித்தது அல்ல. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஆனால் இணுவிலில் எந்தக் கோயிலில் மேளச்சமா என்கிற நாதஸ்வரக் கச்சேரி நடந்தாலும் முன் வரிசையில் இருந்து தொடையில் தாளம் போடுகிறவர். அவர் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த ஒரு பெட்டி நிறைந்த கசற்றுகளும் கணினிக்குள் ஏறியிருந்தன.

நரி போட்ட பாட்டில் ஒருவர் அடித்தொண்டையால் கத்துவார். இரண்டு கிற்றார்கள் அவரை அடக்கப் பார்க்கும். மேளத்தை யாரோ படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோல் இருக்கும். என் தோடி ராகத்துக்குள் அந்தச் சத்தம் புகுந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் பாட்டு என் காணிக்குள் வருகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அம்மா பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, சண்டையைத் தடுக்காமல், இரண்டு பிழையைத் திருத்திவிட்டுப் போனார். உங்கள் குழல் என் காணிக்குள் வருகிறதே என்று நரி பதில் எழுதியது. நான் எல்லை ஓரம் நெருக்கமாக மரம் நட்டேன். சத்தம் மரத்துக்குள்ளால் வந்தது. நான் என் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன், நரியும் கூட்டியது. சில பின்னேரங்களில் மட்டும் நரி தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடும். அந்த நாட்களை நான் வென்ற நாட்கள் என்று கொப்பியில் புள்ளடி போட்டு வைத்தேன்.

அப்பா ஒருநாள் அறை வாசலில் நின்று அந்தக் கத்தலைக் கேட்டார்.

"உவன் உன்ரை சித்தப்பன்ரை ஆள் போலை கிடக்கு. கதவைச் சாத்து பிள்ளை."

சித்தப்பாவை எனக்கு நினைவில்லை, கதைகளால்தான் தெரியும். அவற்றில் அப்பாவுக்குப் பிடித்தது சைக்கிள் கதை. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாதிருந்த காலம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, கசற் பெட்டியில் பூட்டியிருப்பார்கள். ஒருவர் ஏறி இருந்து மிதித்தால்தான் மற்றவர் பாட்டுக் கேட்கலாம். முதலில் சித்தப்பா மிதிக்க வேண்டும், அப்பா நாதஸ்வரம் கேட்பார். பிறகு அப்பா மிதிக்க வேண்டும், சித்தப்பா தன் கிற்றார் பாட்டைக் கேட்பார். இதுதான் ஒப்பந்தம். சித்தப்பா ஒரு மணித்தியாலம் வியர்க்க வியர்க்க மிதித்து முடித்தார். அப்பாவின் முறை வந்தது. ஏறினார், கிற்றார் தொடங்கியது, அரை நிமிடத்தில் இறங்கிவிட்டார். "உன்ரை சத்தத்துக்கு நான் மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு மேளச்சமாவுக்குப் போய்விட்டார். சித்தப்பா தானே ஏறி மிதித்துத் தன் பாட்டைத் தானே கேட்டாராம். இந்த இடத்தில் அப்பா எப்போதும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

பிற்காலத்தில் சித்தப்பா வேலைக்கென்று வன்னிக்குப் போனார். சண்டையில் பாதை பூட்டுப்பட்டது. பாதை திறந்தபோது ஊராட்கள் பலர் திரும்பி வந்தார்கள், சித்தப்பா வரவில்லை. அவருடைய படம் எங்கள் முன் விறாந்தைச் சுவரில், உயிரோடு இருக்கிறவர்களின் படங்களோடு தொங்கியது. இறந்தவர்களின் படங்கள் சாமியறைக்குப் பக்கத்தில், மாலையும் விளக்குமாக இருந்தன. ஒருநாள் சாப்பாட்டின்போது, உங்கள் தம்பிக்கும் ஒரு விளக்கு வைப்போமா என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"அவன் போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவன்" என்றார் அப்பா. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நரியின் பெட்டி ஒருநாள் ஓய்ந்தது. நான் புள்ளடி போட்டேன். மறுநாளும் சத்தமில்லை. மூன்றாம் நாள், வென்ற பெருமையில் நரியின் வேலிப் படலை வரை நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. தன் தாயார் இறந்துவிட்டதாகவும், சில நாட்கள் தீவுப் பக்கம் அதிகம் வரமாட்டேன் என்றும் நரி எழுதியிருந்தது. அதற்கு நேர் எதிரே, என் வளவில், நாதஸ்வரம் கல்யாண வீடுபோல முழங்கிக்கொண்டிருந்தது.

நான் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, பக்கத்து வீட்டிலை செத்தவீடு."

அம்மா அரிந்துகொண்டிருந்த பயற்றங்காயைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடினார். எந்தப் பக்கத்து வீடு என்று விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீ பாட்டை நிப்பாட்டினனியோ?"

நிற்பாட்டினேன். அதோடு விடவில்லை. அயலில் சாவு என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டுவார்கள், நானும் நரி வீட்டுப் பாதை நீளத்துக்குக் கட்டினேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலில் இருந்துதான் சாப்பாடு போகும். தீவுக் கடையில் இருந்த தேத்தண்ணிக் கேத்தலையும் பாண் தட்டையும் கொண்டுபோய் வைத்தேன். முற்றத்தில் இரண்டு வரிசை கதிரை போட்டேன். பிறகு ஒரு பலகை நட்டு, இது செத்தவீடு, முப்பத்தொரு நாளைக்கு இங்கே ஒருவரும் பாட்டுப் போடக் கூடாது, போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறை இலக்கணத்தை அம்மாவிடம் முதலே காட்டினேன்.

தீவுக்காரர் விடுவார்களா? சனிக்கிழமை தோறும் எங்கள் பக்கத்தில் ஆட்டம் பாட்டம் நடக்கும். சிறகு வைத்த ஒரு பெண்தான் அதற்குப் பொறுப்பு. இது என்ன கூத்து, முப்பத்தொரு நாளா என்று கேட்டு வந்தாள். எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். அவள் பலகையை வாசித்தாள். வெள்ளைக்கொடியைப் பார்த்தாள். பிறகு ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தைத் தீவின் மற்றப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு முயல் வந்தது, இரண்டு போர்வீரர்கள் வந்தார்கள், மீன்வாலோடு ஒருத்தி வந்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பலகையில் சொன்னபடி, சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தார்கள். நரியும் வந்து நடுவில் இருந்தது.

அப்பா கடையில் இருந்து வந்து, தோளில் துவாயோடு என் பின்னால் நின்றார். விளையாட்டுக்குக் கரண்ட் காசு கட்டுவதாக நாளும் பொழுதும் புறுபுறுக்கிறவர், அன்று குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"எத்தினை பேர் வந்தவை?"

"பதினாறு பேர், அப்பா."

"பந்தல் போடேல்லையோ? வெயிலுக்கை இருக்கினமே."

தீவில் வெயில் சுடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பந்தல் போட்டேன். அன்று தொடங்கி அப்பாதான் செத்தவீட்டுக்கு மனேச்சர். கடை பூட்டி வந்ததும் ஆட்கள் வந்தார்களா என்று கேட்பார். ஒருமுறை, கடைசி வரிசையில் இன்னும் ஒரு கதிரை போடு என்றார். ஆள் இல்லையே என்றேன். "போடு பிள்ளை" என்றார். போட்டேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு என்னென்ன சாப்பிடப் பிடிக்கும் என்று நரியிடம் கேட்டேன். பதில் வரக் கனநேரம் ஆனது. வந்தபோது நீளமாக வந்தது. உருளைக்கிழங்கு வைத்து அவித்த மா உருண்டை, புகை போட்ட மீன், புளிப்பான ஒரு பழத்தின் ஜாம், சீனி போடாத கோப்பி. இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று. அம்மா கடைசி ஐந்து மாதமும் படுக்கையில்தான் இருந்தார். பின்னேரத்தில் உன் குழல் கேட்டால், என் பாட்டைக் குறைக்கச் சொல்லுவார். எங்கேயோ கல்யாணம் நடக்கிறது, கேட்கவிடு என்பார்.

நான் கொப்பியை எடுத்துப் புள்ளடிகளை எண்ணாமல் ரப்பரால் அழித்தேன். தீவுக் கடையில் மா உருண்டை கிடையாது. கொழுக்கட்டை போல ஒன்றை நானே செய்து படைத்தேன். அம்மா அன்று வீட்டில் உண்மையாகவே கொழுக்கட்டை அவித்தார். ஏன் என்று கேட்க, ஆசையாக இருந்தது என்றார்.

முப்பத்தோராம் நாள் கொடிகளைக் கழற்றினேன். இனிப் பாட்டுப் போடலாம், முதல் பாட்டு உங்களுடையது என்று நரிக்கு எழுதினேன். உனக்குத் தொந்தரவு இல்லையா என்று கேட்டது. இன்றைக்கு இல்லை என்றேன். கிற்றார் தொடங்கியது. கத்துகிறவரும் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். கதவைச் சாத்தச் சொல்வார் என்று நான் எழும்பினேன். அப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சத்தத்தைக் கூட்டு பிள்ளை."

கூட்டினேன். நீளமான பாட்டு. அப்பா திரையைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே அவருடைய கால்கள் அசைந்தன. வலது கால் இறங்க இடது கால் ஏறியது, இடது இறங்க வலது ஏறியது. முதலில் மெதுவாக, பிறகு விசையாக, பாட்டு முழுக்க. நெற்றியில் வியர்வை பூத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா, உங்களுக்குத் தாளம் பிழைக்குது."

தாளம் பிழைத்தால் தவில்காரரையே முறைத்துப் பார்க்கிறவர் அவர்.

"ஓம் பிள்ளை, பிழைச்சுத்தான் போச்சு. இன்னொருக்கால் போடச் சொல்லு" என்றார்.

நரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே திரும்பப் போட்டது. அப்பாவின் கால்கள் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் அப்பாவுக்கும் நரியின் பாட்டுப் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து வாசலில் நின்று அந்தக் கால்களைப் பார்த்தார். என்னைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரைக்கும் விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பாவின் படம் முன் விறாந்தையில் இல்லை. சாமியறைப் பக்கத்துச் சுவரில் இருந்தது, கீழே ஒரு விளக்கு எரிந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். முன் சுவரில் பின்னேர வெயில் விழுகிறது, படம் வெளிறிப்போகும் என்றார் அப்பா. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

சைக்கிள் கதையை ஆகக் குறைந்தது இருபது தடவை கேட்டவள் நான். இருந்தும் மேசைக்குக் கீழே அப்பா யாருடைய பாட்டுக்கு மிதித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் நரிக்குப் பெருந்தன்மையோடு எழுதினேன். நம்முடைய வழக்கில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், எங்கள் வீட்டில் உங்கள் பாட்டுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று.