பின் சீட்டில் மூன்று பேர், பேருந்தில் நான்: காஞ்சிபுரம் முதல் தாம்பரம் வரை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடப் போவார்கள், இல்லையென்றால் பட்டு எடுக்கப் போவார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனது குழந்தைகளை எடுத்து வர. மூன்று குழந்தைகள், ஒரே பிரசவம். ஆதிரை, இளன், மகிழ். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதம் கிடந்து, அங்கிருந்து நேராகப் பிள்ளையார்பாளையத்தில் என் மனைவி ரேவதியின் அம்மா வீட்டுக்குப் போனவர்கள். இப்போது பத்து மாதம். அதுவரை நான் தாம்பரத்தில் தனியாக இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் வந்து என் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளியாக இருந்தேன்.

ரேவதி ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள். "மூணு பேரும் ஒரே நாள்ல, ஒரே வண்டில வரணும். மூணு பேருக்கும் தனித்தனி சீட்டு. யார் மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன்."

காரில் மாட்டும் இந்தக் குழந்தைச் சீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். குழந்தை, காரின் பின்பக்கம் பார்த்தபடி உட்காரும். திடீரென்று பிரேக் அடித்தால் கழுத்து முன்னால் வெட்டி இழுக்காது. சீட்டு முதுகோடு சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். இரண்டு சீட்டுகளை நான் வாங்கினேன். மூன்றாவதை, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ரேவதியின் தம்பி சங்கர் கொண்டுவந்து காஞ்சிபுரத்தில் வைத்திருந்தான். அளவு கேட்டதற்கு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டு மாமா, பாத்தா அசந்துடுவீங்க" என்று மட்டும் சொன்னான். நான் அதோடு விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பி, ஒரகடம், வாலாஜாபாத் வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். எட்டரைக்குப் பிள்ளையார்பாளையம் சேர்ந்துவிட்டேன். ஆனால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. நெசவாளர் தெரு என்பதால் காலையில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைச் சுருட்டும் வரை சைக்கிள்கூடப் போகாது. வண்டியை முனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். துபாய் சீட்டைச் சங்கர் தலையில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். தெருவே அவன் பின்னால் வந்தது.

அது சீட்டு இல்லை, சிம்மாசனம். இரண்டு பக்கமும் டம்ளர் வைக்க வளையங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் வண்டியின் பின் சீட்டு கதவுக்குக் கதவு நூற்று முப்பது சென்டிமீட்டர். என் இரண்டு சீட்டுகள் ஆளுக்கு நாற்பத்து மூன்று. சங்கருடையது நாற்பத்தொன்பது. கூட்டிப் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர் இடிக்கிறது. கூட்டிப் பார்க்காமலே முக்கால் மணி நேரம் தள்ளிப் பார்த்தோம். இடது பக்கம் வைத்தால் வலது கதவு சாத்தவில்லை. வலது பக்கம் வைத்தால் இடது கதவு. நடுவில் வைத்தால் இரண்டுமே.

ஆட்டோ ஓட்டும் பாஸ்கர் பக்கத்து வீட்டுக்காரர். உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நடுவுல இருக்கறத மட்டும் திருப்பிப் போடு சார். மூணு பேரும் எதுக்கெதுக்க பேசிக்கினு வரட்டும்."

இந்த வயதில் முன்பக்கம் பார்த்து உட்கார வைக்கக்கூடாது என்றேன். "அப்ப ஒண்ண முன் சீட்டுல வச்சிடலாம் மாமா" என்றான் சங்கர். முன்னால் ஏர்பேக் என்கிற காற்றுப் பை இருக்கிறது. அது வெடித்து விரிந்தால், பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகிலேயே அறையும், குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினேன். கூட்டம் முன் சீட்டை ஒரு மாதிரி பார்த்தது.

கடைசியாக மாமியார் வந்தார். நிதானமாகச் சொன்னார். "இன்னாத்துக்கு மாப்ள இவ்ளோ கஷ்டம்? ரெண்ட எடுத்துக்கினு போங்க. ஒண்ணு இங்க இருக்கட்டும். அடுத்த வாரம் வந்து கூட்டிக்கினு போலாம்."

சிரிப்பு வந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் ரேவதி சிரிக்கவில்லை. மகிழைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவள், "எத வுட்டுட்டுப் போறது, சொல்லும்மா" என்றாள். ஒன்பது மாதமாக மூன்று பேரையும் குளிப்பாட்டியவர் மாமியார்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்க் கதவைப் பார்த்தபடி நின்றார். ஒன்றாவது மிஞ்சட்டும் என்று அவர் நினைத்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரேவதி மகிழை என்னிடம் கொடுத்துவிட்டு, துபாய் சீட்டைக் கீழே இறக்கச் சொன்னாள். கூடவே வந்த கையேட்டைப் பிரித்தாள். அவ்வளவு நேரமும் அது உறை பிரிக்காமலே கிடந்தது.

"சங்கரு, இந்த வளையத்தக் கழட்டலாம்னு போட்டிருக்குது."

"அக்கா, அதான்கா இதுல ஸ்பெஷலே."

"பத்து மாசக் கொழந்த ரெண்டு டம்ளர்ல இன்னாடா குடிக்கும்?"

 சங்கரே ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வந்து, தன் கையாலேயே இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆறு சென்டிமீட்டர் குறைந்தது. அப்போதும் ஒரு கதவு முரண்டு பிடித்தது. ஓரச் சீட்டுகளைக் காரிலேயே இருக்கும் இரும்புக் கொக்கிகளில் மாட்டியிருந்தேன். கொக்கி இருக்கும் இடத்தில்தான் சீட்டு நிற்கும். ரேவதி கொக்கிகளை விட்டுவிட்டு, வண்டியின் பெல்ட்டாலேயே முதலில் நடுச் சீட்டை இறுக்கினாள். பிறகு இரண்டு ஓரங்களையும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு விரலுக்கு மேல் அசையவில்லை. இரண்டு கதவுகளும் சாத்தின. தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

அப்புறம்தான் நான் ஓட்டுநர் சீட்டில் ஏறினேன். ஏற முயன்றேன் என்பதுதான் சரி. பின்னால் சீட்டுகளுக்கு இடம் விட்டதில் முன் சீட்டுகள் இரண்டும் ஸ்டியரிங்கையும் டேஷ்போர்டையும் முட்டிக்கொண்டிருந்தன. நான் ஆறடி. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் காதுக்கு நேராக வந்தன. சங்கர் என்னைவிட உயரம். ரேவதி நான்கடி பதினொரு அங்குலம். ஏறினாள், சாவி கேட்டாள். பக்கத்துச் சீட்டில் அடங்கக்கூடிய பெரியவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

"நான் இன்னாத்துக்குமா? அடுப்புல பாலு இருக்குது" என்றார் மாமியார். பாலை இறக்கி வைக்கச் சங்கர் போனான். இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

எனக்கு ஒரு டயாபர் மூட்டையும் தாம்பரம் பஸ்ஸும். பாஸ்கர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் முதல் சீட்டு கிடைத்தது. வாலாஜாபாத் தாண்டியதும் முன்னால் எங்கள் வண்டி, நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் லாரியாக வந்ததால் பஸ்ஸால் முந்த முடியவில்லை. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாருபா இது, கல்யாண ஊர்வலம் மாதிரி ஓட்டிக்கினு."

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். "என் வீட்டுக்காரம்மாதாங்க. பின்னால மூணு கொழந்தைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார், ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "மூணுமே நம்மளத்தான் பாக்குது" என்றார். உண்மைதான். பஸ் உயரத்திலிருந்து பார்த்தால் காரின் பின் கண்ணாடிக்குள் மூன்று முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆதிரை கொட்டாவி விட்டாள்.

தென்னேரி பக்கம் வரும்போது ஒரு பைக் குறுக்கே புகுந்தது. ரேவதி பிரேக் அடித்தாள். எங்கள் ஓட்டுநரும் அடித்தார். பஸ் மொத்தமும் முன்னால் சரிந்தது. என் நெற்றி கம்பியில் மோதியது, மூட்டை படிக்கட்டு வரை போனது. நான் அதைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தேன். மூன்று முகங்களும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"நம்ம பஸ்ஸுக்கும் அதே மாதிரி நாப்பது சீட்டு போடணும்பா" என்றார் ஓட்டுநர். அதன் பிறகு வழி கிடைத்தும் அவர் முந்தவில்லை.

இப்படி ஒரு பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு: சீட்டு வாங்குமுன் அகலமான இடத்தில் அளந்து, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நடுவிலும் தோள் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டில் அனுமதி இல்லாத எதையும் கழற்றாதீர்கள். இடுக்கில் துணி, தலையணை எதையும் செருகாதீர்கள். பிள்ளையார்பாளையத்துக்குக் காலையில் காரில் போகாதீர்கள், பாவு சுருட்டட்டும். முக்கியமாக, ஓட்டுகிறவரையும் உட்காரவைத்து அளவு பாருங்கள்.

மாமியார் இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லித்தான் வந்தார். மூன்று வாரம் ஆகிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீட்டுகளைக் கழற்றினால் மறுபடி அப்படி உட்காராது என்று ரேவதி தொட விடுவதில்லை. நான் ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.