சமையலறைக் கேமராவின் அதட்டல்

அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் என் மனைவிக்குப் பாதி வழியில்தான் வரும். உடனே வண்டியைத் திருப்பச் சொல்வாள். அதற்காகவே அம்பத்தூரில் ஒரு வைஃபை கேமரா வாங்கி, அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில், அலமாரிக்கு மேலே மாட்டினோம். செல்போனில் வீட்டைப் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. கம்பெனிக்காரன் வைத்த 123456 சுலபமாக நினைவில் நின்றதால் அதையே விட்டுவிட்டோம்.

எப்போதும்போல் அந்த வெள்ளிக்கிழமையும் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மனைவி ஆபீஸ் போயிருந்தாள். டீ நேரத்தில் மைசூர்பாகு டப்பாவைத் திறந்தேன்.

"யோவ்! கைய எடு!"

கேமராவிலிருந்து ஒரு பெண் குரல். என் மனைவியுடையது இல்லை.

"சக்கர முந்நூறு கீது, இனிப்பு கேக்குதா உனக்கு? கீழ வை!"

வைத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

"பாவக்கா ஜூஸ் குடிச்சியா?"

"இல்லைங்க."

"இன்னாது, இல்லைங்களா? இன்னா புதுசா மரியாதயெல்லாம்?"

"அம்மா, நீங்க யாரு? இது எங்க வீடு" என்று நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை அந்தப் பெண்மணிக்குத் தெரிந்தது என் வழுக்கை மட்டும்தான். முகத்தைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயய்யோ, ஊட்ல திருடன் பூந்துட்டான்!"

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், எங்களுக்கு நேர் கீழ்வீட்டுக் கதவை வாட்ச்மேனும் நாலு பேரும் இடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் கையில் பாதி ஜிலேபியோடு நின்றார். அவருக்கும் வழுக்கை.

வாட்ச்மேன் போனின் ஸ்பீக்கரில் வீட்டுக்காரரின் மனைவி பதறினார்; கேமராவில் என்னை அதட்டிய அதே குரல். "திருடன் இன்னா பண்றான்?"

"திருடன்லாம் யாரும் இல்லம்மா. சார்தான் ஜிலேபி துன்னுகினு கீறாரு."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அந்த அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. அவரும் அதே கடையில் அதே கேமராவை வாங்கியிருக்கிறார். இரண்டு கேமராவுக்கும் அடுத்தடுத்த நம்பர். செல்போனில் பதியும்போது கடைசி எண்ணை மாற்றி அடித்திருக்கிறார். பாஸ்வேர்டும் ஒன்றே என்பதால் எங்கள் சமையலறை திறந்துகொண்டது. எல்லா ஃபிளாட்டிலும் ஒரே டைல்ஸ், ஒரே அலமாரி. பாவம், அவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

"அப்ப இத்தனை நாளா எங்க வீட்டையா பார்த்தீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"நானும் யோசிச்சேன்மா, இந்த மனுசன் எப்பலேர்ந்து பாத்திரம் வெளக்க ஆரம்பிச்சாருன்னு!"

அன்றே இரு வீட்டிலும் மனைவிமார் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அந்த அம்மாவின் செல்போனில் கேமரா நம்பரையும் திருத்திக் கொடுத்தோம்.

மறுநாள் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை ஓரங்கட்டினார்.

"அண்ணாத்தே, பழையபடியே மாத்திக் குடுத்துடேன். அவ உன்ன பாத்துகினு இருந்த வரைக்கும் நான் நிம்மதியா இருந்தேன்."

புதுப் பாஸ்வேர்டை மனைவி எனக்கே சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை.