வண்டிக்காரர் சந்தில் அம்மை

அந்தக் காலத்துப் பினாங்கில் சுகாதார இலாகா ஒரு சந்துக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது தடியடிச் சத்தம்தான். நான் அந்த இலாகாவில் மருத்துவச்சியாக இருந்தேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சிசுவையும் பார்ப்பேன். சனங்கள் என்னை மிஸி என்பார்கள். அம்மை, வாந்திபேதி என்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அது போலீசை வைத்துச் செய்கிற வேலை என்பது இலாகாவின் எண்ணம்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாட்டுவண்டிக்காரர்கள் குடியிருந்தார்கள். கப்பலில் வந்து அதிக நாள் ஆகாத குடும்பங்கள். தமிழைத் தவிர, கடைக்குப் போய்வர வேண்டிய அளவுக்கு மலாய் தெரியும், அவ்வளவுதான். அன்று காலை அங்கே ஒரு வீட்டில் நான் சிசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அலறினாள். தொடர்ந்து கதவு உடைகிற சத்தம். பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

நாலு வீடு தள்ளி, வாசலில் அந்த வீட்டு வண்டிக்காரர் மாட்டுவண்டியின் ஊன்றுகட்டையைச் சுழற்றிக்கொண்டு நின்றார். எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி பிளந்து, சட்டை முழுக்க ரத்தம். பஞ்சாபிக் கான்ஸ்டபிள்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒரு தடி வண்டிக்காரரின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை அதற்குப் பிறகும் அடித்தார்கள். எதிர் வீட்டிலிருந்து விறகுக் கட்டைகள் பறந்து வந்தன. இலாகாவின் வெள்ளைக்கார டாக்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். மூலையில் ஒரு தாய், முகமெல்லாம் அம்மைக் கொப்புளமாக இருந்த மகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தேங்காய் வெட்டும் பாராங் கத்தியோடு நின்றாள்.

“கிட்ட வராத! நீயும் அவங்க ஆளுதான!”

“நான் பிரசவம் பாக்குற மிஸி, தாயி. கத்தியக் கீழ போடு.”

“போட்டா எம்புள்ளய உசுரோட கொளுத்திருவீங்க!”

“யாரு சொன்னா அப்படி?”

“அந்தத் தாடிக்காரன்தான் சொன்னான். ஆனாக், பாக்கார்னு கத்தினான். எனக்கென்ன காது இல்லியா?”

ஆனாக் என்றால் பிள்ளை. பாக்கார் என்றால் எரி. பிள்ளையைத் தனிக் கொட்டகைக்கு அனுப்பி, பாயையும் துணியையும் எரிக்கும்படி டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அதை மலாயில் கான்ஸ்டபிளுக்குச் சொன்னார். கான்ஸ்டபிள் வாசலில் நின்று கத்தினார். வீட்டுக்குள் வந்து சேர்ந்தவை அந்த இரண்டு வார்த்தைகள் மட்டுமே.

ஓரடி எடுத்து வைத்தேன். அவள் வீசினாள். கத்தி என் இடது கையை முழங்கைக்குக் கீழே கிழித்தது. முதலில் வலிக்கவில்லை, சூடாக இருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தாமல் பேசினேன்.

“எரிக்கிறது பாயத்தான் தாயி. பாயும் துணியும். புள்ளய இல்ல. கொட்டகையில வச்சு வைத்தியம் பாப்பாங்க.”

என் ரத்தம் தரையில் சொட்டுவதை அவள் பார்த்தாள். கத்தி தாழ்ந்தது.

“அப்ப நானும் கூட வருவேன்.”

தாய்மாரைக் கொட்டகைக்குள் விடுவதில்லை என்பது விதி. வாசலுக்கு வந்து டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “பிள்ளையை உயிரோடு எரிக்கப்போகிறீர்கள் என்று நினைத்துத்தான் அடிக்கிறார்கள். தாயைப் பிரித்தால் இன்னொரு மண்டை உடையும்.” அவர் உடனே கான்ஸ்டபிள்களைப் பின்னுக்கு வரச் சொன்னார். தாய்க்கு அங்கேயே அம்மை குத்தி, இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினோம்.

மகள் பிழைத்தாள். ஒரு கண் போய்விட்டது. வண்டிக்காரரை முறிந்த கையோடு லாக்கப்பில் போட்டார்கள். கட்டுப் போடத் தாமதமானதால் அந்தக் கை கோணலாகவே கூடியது. கோர்ட்டில் அவருக்காக நான் சாட்சி சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார், ஆனாலும் சிறைதான் விதித்தார். அன்று வீடு திரும்பி வெகுநேரம் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை.

மறுநாள் டாக்டரிடம் போய், “இனி தமிழர் வீடு என்றால் நான் முதலில் போகிறேன். போலீஸ் தெருமுனையிலேயே நிற்கட்டும்” என்றேன். ஒரு பெண்ணை அப்படி அனுப்ப முடியாது என்றார். கையில் போட்டிருந்த தையலைக் காட்டி, “ஏற்கெனவே போய்விட்டேனே” என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

உடனே எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. அடுத்துப் போன வீட்டிலேயே என் மேல் வெந்நீரை ஊற்ற வந்தார்கள். ஆனால் தடி உயரவில்லை. கத்தித் தீர்த்தபின் உட்கார்ந்து கேட்டார்கள். நோயாளியோடு யார் போகலாம், எப்போது திரும்பலாம் என்று வாசலிலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

பிறகு சீனர் குடியிருந்த ஒரு வீட்டு வரிசையில் அம்மை கண்டது. அவர்கள் பேச்சில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த சீன மருத்துவச்சியிடம் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றாள். எனக்கும்தான் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். அந்த வரிசையில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால். டாக்டர் எங்களுக்கும் பின்னால் வந்தார்.