பார்ப்பவரைப் பார்க்க வந்தவர்

எங்கள் நிறுவனம் சின்னது. முதலாளி, நான், இன்னும் இருவர். பட்டறைகளில் உள்ள காற்றழுத்தத் தொட்டிகளைச் சோதித்து, பாவிக்கலாமா கூடாதா என்று சொல்வதே தொழில். அப்படிச் சொல்ல எங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்க்க, அங்கீகாரம் கொடுக்கும் சபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். நான் சொதப்பினால் அங்கீகாரம் போச்சு, எங்கள் பிழைப்பும் போச்சு.

போன இடம் செவன் ஹில்ஸ் என்ற புறநகரில், மேசை கதிரை செய்யும் ஒரு தளபாடப் பட்டறை. உரிமையாளர் நம்மவர், தமிழர். அதிகாரியோடு இன்னொரு மனிதரும் வந்திருந்தார். வேலை பழக வந்தவராக்கும் என்று நினைத்து, டோர்ச்சைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். சரியான பஞ்சி பிடித்த சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன்.

தொட்டியின் அடிப்பக்கம் துருவேறி மெலிந்திருந்தது. கருவியைச் சரிபார்த்து மறுபடி அளந்தேன். அதே முடிவுதான்: காற்று ஏறும்போது எந்த நேரமும் வெடிக்கலாம்.

"பாவிக்கேலாது அண்ணை. இப்பவே நிப்பாட்டுங்கோ."

"என்ன தம்பி, அடுத்த கிழமை ஓடர் குடுக்கோணும்! சரி, எங்க உருக்கி ஒட்டலாம் எண்டாவது சொல்லுங்கோவன்."

பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சோதிக்கிறவன் திருத்தும் வழி சொல்லக்கூடாது. சொன்னால், நாளைக்குத் தன் யோசனையைத் தானே சோதிக்க வேண்டிவரும்.

"அதை நான் சொல்லேலாது அண்ணை."

எனக்கென்று கொண்டுவந்த, பால் விடாத பிளேன்ரீயை அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து மனிதரை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதியதை அடித்து மறுபடி எழுதினார்.

வெளியே வந்ததும், கூட வந்தவர் யார் என்று அதிகாரியிடம் கேட்டேன். வேறு நாட்டு அங்கீகாரச் சபைக்காரராம். அதிகாரி என்னைச் சரியாகப் பார்க்கிறாரா என்று பார்க்க வந்தவராம். அவருடைய நாட்டுக்கும் இதேபோல வேறு ஆட்கள் போவார்களாம். ஐயோ, அந்த மனிதரிடமா டோர்ச்சை நீட்டினேன்! ஒரு பட்டறைத் தொட்டிக்குப் பின்னால், கடல் தாண்டி இத்தனை கண்களா!

மறந்துவிட்ட டோர்ச்சை எடுக்கத் திரும்ப உள்ளே போனேன். உரிமையாளர் தொட்டியடியிலிருந்து ஒரு கதிரையை முணுமுணுத்தபடி இழுத்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் காற்று அமுங்கிச் சூடேறிய தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவர் தினமும் மத்தியானச் சோறு சாப்பிடுவாராம்.

"இனி எங்க இருந்து சாப்பிடுறது?" என்று என்மேல் பாய்ந்தார்.

அங்கீகாரம் பிறகு கிடைத்தது. அந்த நிமிடம் அது என் நினைவிலேயே இல்லை.

"எங்கயாவது இருந்து சாப்பிடுங்கோ அண்ணை" என்றேன். கதிரையின் மறுபக்கத்தை நானும் பிடித்துத் தூக்கினேன்.